எட்டாம் மேஜையின் காலிக் கட்டம்

துரோகியைப் பிடித்துத் தரச் சொல்லி எங்களை வரவழைத்த முதலாளி, உள்ளே நுழைந்ததும் முதலில் காட்டியது துரோகியை அல்ல. தன் புகைப்படத்தை.

வரவேற்பறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி. அதில் எட்டுப் புகைப்படங்கள் ஒரே வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் மேஜை எண், அதன் கீழே ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் எண். ஐந்தாவது படத்தில் கோட்டும் டையுமாக இருந்தவர்தான் எங்கள் எதிரே நின்ற முதலாளி. படத்தில் தலைமுடி கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"முதலாளின்னு நான் ஏசி ரூம்ல உக்காந்திருக்கறதில்ல. அஞ்சாம் மேஜையில நானும் வேலை செய்யறேன். பல் செட் செய்யறதுல எனக்கு மேல இந்தத் தொழில்ல ஆள் கிடையாது. இருந்தும் என் பேர்ல மூணு ரிட்டர்ன் இருக்கு, பாத்தீங்களா? மறைக்கல. அதான் நேர்மை."

"புல்லரிக்குது," என்றார் அத்தை. முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. துப்பறியும் நிறுவனம் நடத்துகிற மாமியாருக்கு அசிஸ்டென்டாக இருக்கிற மருமகன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அத்தை ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாபேஸைப் பல வருடம் கட்டி மேய்த்துவிட்டு, அங்கே இருந்தவர்களின் முட்டாள்தனம் தாங்காமல் வெளியே வந்தவர். வெளியிலும் அதே சரக்குதான் என்பது தெரிந்தபோது நிறுவனத்தின் பெயர்ப் பலகையை எழுதி முடித்திருந்தார்கள். என்னிடம் மரியாதை குறையாமல்தான் பேசுவார். 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க, உங்களுக்கு மூளை கிடையாது' என்பார்.

இது பல் செட் தயாரிக்கும் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயிலிருந்து அச்செடுத்து அனுப்புவார்கள். எட்டு மேஜைகளில் எட்டுப் பேர் அதைப் பார்த்துப் பல் செய்து திருப்பி அனுப்புவார்கள். வாயில் பொருந்தாமல் திரும்பி வந்தால் அதற்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். எந்த மேஜைக்கு எத்தனை ரிட்டர்ன் என்று மாதா மாதம் இந்த டிவியில் போடுகிறார்கள். வருகிற டாக்டர்கள், போகிற கூரியர்காரர்கள் எல்லாரும் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு. ஏழாம் மேஜைக்கு ஆறு. எட்டாம் மேஜைக்குக் கட்டம் காலி. நான்காவது படத்தில் இருந்த பெண்ணுக்கு மட்டும் பத்தொன்பது.

"மூணு மாசமா இவதான் முதல் இடம்," என்றார் முதலாளி. "ஒருத்தி கை இவ்வளவு கெட்டுப் போகுமா? போகாது. எதிர் லேப்காரன் விலைக்கு வாங்கிட்டான். வேணும்னே பல்லைக் கெடுத்து அனுப்பறா. அதுக்கு ஆதாரம் எடுத்துக் குடுங்க. எல்லா லேபுக்கும் எழுதிப் போட்டுடறேன். இனி எங்கயும் அவ ஒரு பல்லைக்கூடத் தொட முடியாது."

"ஆதாரம் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னாலும் இன்னிக்கு சாயங்காலம் அவ வெளிய. நோட்டீஸ் போட்டாச்சு."

டிவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்து, கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை இடுக்கிக்கொண்டு அவரே படித்துக் காட்டினார். சட்டைப் பையில் ஒரு மூக்குக் கண்ணாடி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"'அதிக ரிட்டர்ன் வாங்கிய மேஜை இன்று மாலைக்குள் காலி செய்யப்படும். அந்த மேஜைக்காரர் இனி இந்த லேபில் மெழுகைத் தொடக் கூடாது.' கீழ என் கையெழுத்து."

"பேர் போடலையே?" என்றேன்.

"பேர் எதுக்கு? ரிப்போர்ட் சொல்லுதே. ரிப்போர்ட் பொய் சொல்லாது தம்பி."

அத்தை அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். கடையில் அழுகிய தக்காளியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, கீழே வைப்பாரே, அந்தப் பார்வை.

"எட்டாம் மேஜைக்கு ஏன் பூஜ்யம் போடல?" என்றார்.

"ரிட்டர்னே இல்ல. அதான் காலி."

"ரிட்டர்ன் இல்லன்னா பூஜ்யம்னு போடணும். காலியா விட்டிருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா!"

அத்தை திரும்பி வேலைக்கூடத்தின் பக்கம் நடந்தார். ஆளை எடைபோட்டு முடித்துவிட்டால் அவருடன் பேசுவதை நிறுத்திவிடுவது அத்தையின் வழக்கம். எனக்கு நிச்சயதார்த்தத்தன்று அது நடந்தது.

* * *

வேலைக்கூடம் நீளமாக இருந்தது. மெழுகு உருகும் வாசனை. எட்டு மேஜைகள், எட்டு விளக்குகள், மேஜைக்கு மேஜை திறந்த வாயோடு வெள்ளை அச்சுகள். ஐந்தாம் மேஜையில் மட்டும் ஆள் இல்லை. அதற்கு மட்டும் தோல் நாற்காலி.

நான்காம் மேஜையில் மேனேஜர் மும்முரமாக இருந்தார். ஓர் அட்டைப்பெட்டிக்குள் கத்திகளையும் பிரஷ்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மேஜைக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. விரல் நகங்களின் ஓரத்தில் ரோஸ் நிற மெழுகு.

"சாயங்காலம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே?" என்றேன்.

"முன்னாடியே ரெடி பண்ணி வெச்சா வேலை சுலபம் சார்," என்றார் மேனேஜர். முதலாளி தும்ம நினைத்தால் கைக்குட்டையோடு ஓடுகிற ரகம். "ஆதாரம் வேணும்னு தேட வேண்டாம் மேடம். அங்க பாருங்க, மலை மாதிரி குவிஞ்சிருக்கு."

மேஜைக்குக் கீழே ரிட்டர்ன் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"அதெல்லாம் ரிப்பேருக்கு வந்ததும்மா," என்றாள் நான்காம் மேஜைக்காரி. குரல் நடுங்கவில்லை, அழுது முடித்த குரல். "எந்த மேஜையில இருந்து திரும்பி வந்தாலும் சரி பண்ண எங்கிட்டதான் குடுப்பாங்க. இவரேதான் குடுப்பாரு."

அத்தை மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"ஏன் உங்ககிட்ட?"

"மத்தவங்க சரி பண்ணா மறுபடி திரும்பி வருது. நான் பண்ணா வர்றதில்ல."

"யாரு செஞ்சதுன்னு டப்பாவுல இருக்குமா?"

"இருக்காது. சண்டை வந்துடும்னு மேஜை நம்பர் சீட்டை ரிசப்ஷன்லயே கிழிச்சுடுவாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, கிழிச்சுட்டு, பல்லை மட்டும் குடுப்பாங்க. ஆனா முக்காவாசி ஒரே ஆளோட கைதாம்மா. கடி ஒசந்திருக்கும், ஓரம் சீவாம கெடக்கும். பாக்காம செஞ்ச மாதிரி."

"உங்களோடது எத்தனை திரும்பி வந்திருக்கு?"

"மூணு மாசமா ஒண்ணுகூட இல்ல. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. ஒரு பெரியவரோட கீழ் செட்டு. அன்னிலேருந்து ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கடிக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பறேன்."

"பத்தொம்பதுன்னு டிவி சொல்லுது!" என்று மேனேஜர் பாய்ந்தார்.

"என்னோடதுல ஒண்ணைக் காட்டுங்கன்னு கேட்டேம்மா. ஒண்ணே ஒண்ணு. ரிப்போர்ட்டே ஆதாரம், பல்லு எதுக்குன்னாரு." அவள் மேனேஜரின் பக்கமே திரும்பவில்லை. "எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். எம் பொண்ணு காலேஜ் படிக்கறது இந்தக் கையை வெச்சுத்தான். வேலை போனா வேற லேபுக்குப் போவேன். ஆனா பல்லைக் கெடுக்கறவன்னு எழுதிப் போட்டுட்டா எங்க போவேன்?"

நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடினேன். அத்தை தேடவில்லை. அவர் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு மெழுகுக் கத்தியை எடுத்து மேஜையில் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"மேனேஜர் சார், மீதியை இப்ப எடுத்து வெக்காதீங்க. மறுபடி அடுக்கற வேலை மிச்சம்."

* * *

எனக்கென்று ஒரு மூளை இருக்கிறது என்பதை நிரூபிக்க இந்த மாதிரி நேரங்களில்தான் வாய்ப்புக் கிடைக்கும்.

"அத்தை, எட்டாம் மேஜை," என்று காதோரம் சொன்னேன். "நாலாம் மேஜைக்குப் பழி வந்த அதே மூணு மாசமா எட்டாம் மேஜைக்காரனுக்கு விருது வந்திருக்கு. மேஜை மேல பாருங்க."

கடைசி மேஜையில் கடைவாய்ப் பல் வடிவத்தில் மூன்று கோப்பைகள் பளபளத்தன. அவற்றின் நடுவே ஓர் இளைஞர், தலையைக் குனிந்து, யார் கண்ணிலும் படாமல் வேலை செய்ய முயன்றுகொண்டிருந்தார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை. தடுக்கி விழுந்தாலும் சரியான இடத்துல விழறீங்க," என்றார் அத்தை.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் எட்டாம் மேஜையில் கையை ஊன்றினேன். "வாழ்த்துகள். மூணு மாசம், ஒரு ரிட்டர்ன்கூட இல்ல. எப்படி சாதிச்சீங்க?"

ஆள் சோபாவுக்குக் கீழே மாட்டிய பூனையாக விழித்தார். ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"சார், சத்தியமா நான் எதுவும் பண்ணல. எனக்கே புரியல. போன மாசம் ரெண்டு டாக்டர் என்னை நேரா போன்ல கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. என்னோடது திரும்பித்தான் வந்துச்சு. ஆனா மாசக் கடைசியில மேனேஜர் வந்து கோப்பையைக் குடுத்து போட்டோ எடுத்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க்ஸ் சொன்னேன் சார்."

"மூணு தடவையுமா?"

"மூணாவது தடவை கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு."

அத்தை அந்தக் கோப்பைகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எது அதிக உபயோகம் என்று யோசிப்பது போல இருந்தது. "பக்கத்துல ஒருத்தி வேலை போய் நிக்கறா. உங்களுக்கு ரிட்டர்ன் வந்தது தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

"கோப்பையைத் திருப்பிக் கேப்பாங்களோன்னு..."

"வெச்சுக்குங்க. பல் தேய்க்கற பிரஷ் போட்டு வெக்கலாம்."

வெளியே வந்ததும், "ஆக இவன் கம்ப்யூட்டர்ல கைய வெச்சிருக்கான்," என்றேன் வெற்றியோடு.

"இவரா? இவருக்குத் தப்புப் பண்ற அளவுக்குக்கூடத் தைரியம் கிடையாது மாப்பிள்ளை. திரும்பி வந்தது உண்மை, ஆனா கட்டம் காலி. அந்த ரிட்டர்ன் எல்லாம் எங்க போச்சு? காத்துல கரைஞ்சா போச்சு? வாங்க, ரிப்போர்ட்டைப் பெத்த ஆளைப் பாப்போம்."

* * *

ரிப்போர்ட்டைப் பெற்ற ஆள் மேனேஜரின் மனைவியின் தம்பி. மாடிப்படிக்குக் கீழே ஒரு புறாக்கூண்டு அறை, அதில் இரண்டு மானிட்டர்கள். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் 'டைனமிக்' என்ற சொல்லைப் பத்து தடவை சொல்லிவிட்டார். அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டேன்.

"முன்னாடி இருந்த ரிப்போர்ட் ரொம்பப் பழசு மேடம்," என்றார் டைனமிக், காலை ஆட்டிக்கொண்டே. "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். எஸ்க்யூஎல்னு ஒண்ணு இருக்கு—"

"சொல்லுங்க தம்பி," என்றார் அத்தை. டேட்டாபேஸையே தாலாட்டி வளர்த்தவர். கையைக் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சு மாணவியாக உட்கார்ந்தார். எனக்கு டைனமிக்கின் மேல் பரிதாபம் வந்தது.

"ஒவ்வொரு ரிட்டர்னும் டேபிள்ல, அதாவது கம்ப்யூட்டர் பட்டியல்ல, ஒரு வரி. எந்த மேஜை, என்ன தேதி, என்ன கோளாறு. வரி வரியா கீழ இறங்கிட்டே போகும். முதலாளிக்கு அப்படிப் பாக்கப் பிடிக்காது. மேஜைக்கு ஒரு கட்டம், குறுக்கால ஒரே வரிசையா வேணும்பாரு. அப்படிப் புரட்டிப் போடறதுதான் பிவட். பழைய க்வெரியில, அதாவது கம்ப்யூட்டருக்குக் குடுக்கற கட்டளையில, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எட்டுக் கட்டத்தையும் கையால எழுதி வெச்சிருந்தாங்க. ஒரு மேஜை கூடினா நான் போய் எழுதணும், குறைஞ்சா நான் போய் அழிக்கணும். கஷ்டம்."

"பாவம். விரல் தேஞ்சிருக்கும்."

"அதான் டைனமிக் ஆக்கிட்டேன்! இப்ப க்வெரியே க்வெரி எழுதும் மேடம். முதல்ல எந்தெந்த மேஜை இருக்குன்னு தானே தேடும். கிடைச்ச நம்பரை எல்லாம் வரிசையாக் கோத்து, கட்டங்களைத் தானே உண்டாக்கி, தானே ஓட்டிக்கும். எட்டு மேஜை எண்பது ஆனாலும் நான் சேரை விட்டு எழுந்திருக்க வேண்டாம்."

"இப்பவும் எழுந்திருக்கறதாத் தெரியல. எப்ப மாத்தினீங்க?"

"நாலு மாசம் ஆச்சு."

"முதல் மாசம் ஒழுங்கா வந்துச்சா?"

"பெர்ஃபெக்ட்டா வந்துச்சு! ஒவ்வொரு மேஜையா பழைய ரிப்போர்ட்டோட ஒத்துப் பாத்தேன்."

"அதுக்கப்புறம் ஒத்துப் பாத்தீங்களா?"

"எதுக்கு மேடம்? அதான் முதல் மாசம் சரியா இருந்துச்சே."

அத்தை கண்களை மூடித் திறந்தார். "எந்தெந்த மேஜை இருக்குன்னு க்வெரி தேடும்னு சொன்னீங்களே. எங்க தேடும்?"

"ரிட்டர்ன் டேபிள்லதான். அந்த மாசத்து வரிகள்ல."

"மேஜைகளுக்குன்னு தனியா ஒரு டேபிள் இல்லையா?"

"இருக்கு. ஆனா ரெண்டு டேபிளைச் சேர்த்தா க்வெரி நீளமாயிடும். எதுக்குன்னு விட்டுட்டேன்."

அத்தை சிரித்தார். அவர் சிரித்தால் யாரோ ஒருவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

"கடைசியா ஒண்ணு. உங்க க்வெரி வெறும் நம்பரைத்தான் துப்புமா? மேல தலைப்பு வருமா?"

"வரும் மேடம். ஒவ்வொரு கட்டத்துக்கு மேலயும் மேஜை நம்பர் வரும். டிவியில போடறது மாமா வேலை."

மாமா, அதாவது மேனேஜர், வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "தலைப்பு கண்றாவியா இருக்கும் மேடம். 'மேஜை கோடு ஒண்ணு, மேஜை கோடு ரெண்டு'ன்னு. முதலாளி பாத்தா திட்டுவாரு. அதை டெலிட் பண்ணிட்டு நம்பரை மட்டும் எடுத்து, போட்டோவுக்குக் கீழ முதல் கட்டத்துல இருந்து அப்படியே ஒட்டிடுவேன். என்ன அழகா இருக்கு, பாத்தீங்கல்ல?"

"ரொம்ப அழகு," என்றார் அத்தை. எழுந்தார். "எல்லாரையும் டிவி முன்னாடி வரச் சொல்லுங்க. முதலாளி கட்டாயம் வரணும். தம்பி, உங்க கம்ப்யூட்டரை அந்த டிவியில இணைச்சு, க்வெரியை அங்கயே ஓட்டுங்க. மேனேஜர் சார், நீங்க வழக்கம் போல தலைப்பை வெட்டி ஒட்டுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

"என்ன கண்டுபிடிச்சீங்க அத்தை?" என்றேன் அறையை விட்டு வரும்போது.

"ரெண்டு சோம்பேறிங்க கை கோத்தா ஒரு கொலைகாரன் வேலையைப் பாக்கலாம்னு கண்டுபிடிச்சேன்."

* * *

சாயங்கால வெயில் வரவேற்பறைக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. எட்டு மேஜைக்காரர்களும் டிவி முன் நின்றார்கள். முதலாளியும் அதில் ஒருவர். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நான்காம் மேஜைக்காரியின் கையில் மேனேஜர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து நிற்க வைத்திருந்தார். அதிலும் அவருக்கு ஒரு திருப்தி.

"ஆதாரம் கிடைச்சுதா?" என்றார் முதலாளி.

"கிடைச்சுது. ஆனா ஒரு சின்ன வேலை பாக்கி." அத்தை டைனமிக்கின் பக்கம் திரும்பினார். "தம்பி, போன மாசத் தேதி போட்டு நாலாம் மேஜை பேர்ல ஒரு ரிட்டர்ன் சேருங்க. பொய்யா ஒண்ணு."

கூட்டத்தில் சலசலப்பு. நான் குறுக்கே வந்தேன். "அத்தை! அவங்களைக் காப்பாத்த வந்துட்டு..."

"அம்மா," என்றாள் நான்காம் மேஜைக்காரி. முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "பத்தொம்பது போதாதா? இருபது ஆக்கறீங்களே!"

"உங்க மேல ஒரு பழி போட்டாத்தான்மா உங்களுக்கு விமோசனம். இந்த ஆபீஸ்ல சட்டம் அப்படி. ஓட்டுங்க தம்பி."

முதலாளி வாயெல்லாம் சிரிப்பாகச் சாய்ந்து உட்கார்ந்தார். டைனமிக் ஒரு வரியைச் சேர்த்து க்வெரியை ஓட்டினார். மேனேஜர் தலைப்பை வெட்டினார், எண்களை அள்ளினார், முதல் கட்டத்தில் ஒட்டினார்.

டிவி ஒரு தடவை கண் சிமிட்டியது.

ஒன்றாம் மேஜை மூன்று. இரண்டாம் மேஜை இரண்டு. மூன்றாம் மேஜை நான்கு. மூன்றும் அசையவில்லை. நான்காம் மேஜையில் இருபது வரவில்லை. அங்கே 'ஒன்று' என்று இருந்தது.

எட்டாம் மேஜையின் காலிக் கட்டத்தில் ஆறு வந்து உட்கார்ந்திருந்தது. கோப்பைக்காரர் மெதுவாக அடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என்னது இது? பத்தொம்பது எங்க?" என்றார் முதலாளி, கண்களை இடுக்கியபடி.

எல்லார் பார்வையும் ஐந்தாவது படத்தின் கீழே இருந்தது. கோட்டும் டையும் போட்ட படம். கட்டத்தில் பத்தொன்பது.

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை.

"விளக்கறேன், ரொம்ப எளிமை," என்றார் அத்தை. "உங்க க்வெரி, ரிட்டர்ன் வாங்கினவங்களை மட்டும்தான் ஆளா மதிக்கும். இந்தம்மா மூணு மாசமா ஒரு தப்பும் பண்ணல. அதனால இவங்களுக்குக் கட்டமே உண்டாகல; இப்ப ஒரு பொய் சேர்ந்ததும் உண்டாச்சு. எட்டுப் பேருக்கு ஏழு எண்தான் வந்துச்சு. அதுல மேஜை நம்பர் இருந்திருந்தா, நாலு காணோம்னு குழந்தைகூடக் கண்டுபிடிச்சிருக்கும். அழகு போயிடும்னு மேனேஜர் அதை வெட்டிட்டாரு. வெட்டிட்டு முதல் படத்துல இருந்து ஒட்டினா? அஞ்சாம் மேஜையோடது நாலாம் படத்துக்குக் கீழ. ஆறோடது அஞ்சுக்கு. ஏழோடது ஆறுக்கு. எட்டோடது ஏழுக்கு. கடைசிப் படத்துக்கு ஒட்ட எதுவும் மிஞ்சல. அதுக்கு ஒரு கோப்பை."

"அப்ப என்னோடதுன்னு இருந்த ஆறு..." என்று ஏழாம் மேஜைக்காரர் ஆரம்பித்தார்.

"உங்க பக்கத்து ஆளோடது. முதுகுக்குப் பின்னாலதான் நிக்கறாரு." அத்தை முதலாளியின் பக்கம் திரும்பினார். "பெருமையாக் காட்டினீங்களே, மூணு ரிட்டர்ன்? அது ஆறாம் மேஜையோடது. நேர்மையும் இரவல்தான்."

முதலாளி எழுந்தார். முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது. "பொய்! இந்த ரிப்போர்ட்டே பொய்! என் கையால செஞ்ச பல்லு பத்தொம்பது திரும்பி வருமா?"

"மத்தியானம் வரைக்கும் ரிப்போர்ட் பொய் சொல்லாதுன்னீங்க. இப்பத்தான் நிஜமாவே சொல்லல."

"டேய் தம்பி!" முதலாளி டைனமிக்கின் மேல் பாய்ந்தார். "அஞ்சாம் மேஜையை ரிப்போர்ட்ல இருந்து தூக்குடா! இனிமே அது வரவே கூடாது!"

டைனமிக் திருதிருவென விழித்தார். பிறகு, தான் எழுதிய க்வெரியின் பெருமையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், நிஜமாகவே உதவி செய்கிற குரலில் சொன்னார்.

"அது முடியாது சார். ரிட்டர்ன் இருந்தா கட்டம் தானா வந்துடும். டைனமிக்."

ஆறாம் மேஜைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். நான் மாற்றவில்லை.

"சேர்த்த பொய்யை அழிச்சுடுங்க தம்பி," என்றார் அத்தை. "அழிச்சுட்டு, மேஜைகளோட லிஸ்ட்டை மேஜை டேபிள்ல இருந்து எடுங்க. ரிட்டர்ன் இருக்கோ இல்லையோ, ஆள் இருந்தா கட்டம் வரணும். ஒண்ணும் இல்லாதவங்களுக்குப் பூஜ்யம்னு எழுதிக் காட்டணும். க்வெரி ரெண்டு வரி நீளும். பொறுத்துக்குங்க."

அத்தை சொல்லச் சொல்ல டைனமிக் தட்டினார். இரண்டு வரி கூட இல்லை, ஒன்றரைதான் நீண்டது. அதை எழுதச் சோம்பல்பட்டுத்தான் ஒருத்தியின் பிழைப்பைக் குழி தோண்டிப் புதைக்கப் பார்த்தார்கள். டிவி மறுபடி சிமிட்டியது. நான்காவது படத்தின் கீழே ஒரு பூஜ்யம் வந்தது. எட்டுக் கட்டங்களிலும் அது ஒன்றுதான் பூஜ்யம்.

நான்காம் மேஜைக்காரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மேனேஜர், "சரி சரி, எல்லாரும் வேலையைப் பாருங்க," என்று கையைத் தட்டினார். முதலாளி, "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு, அவ்வளவுதான்," என்று பொதுவாகக் காற்றுக்குச் சொன்னார். சுவரில் இருப்பதாக நினைத்துத் தன் நோட்டீஸை எடுக்கக் கையை நீட்டினார். அது அவருடைய இன்னொரு கையிலேயே இருந்தது.

அவள் அட்டைப்பெட்டியோடு கூடத்துக்குள் போனாள். அத்தை நகரவில்லை. அத்தை நகராததால் யாருமே நகரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் தன் கத்திகளையும் பிரஷ்களையும் ஒவ்வொன்றாக நான்காம் மேஜையில் அடுக்கினாள். பிறகு காலிப் பெட்டியோடு ஐந்தாம் மேஜைக்குப் போனாள். அங்கிருந்த மெழுகுக் கத்தி, பிரஷ், ஸ்பிரிட் விளக்கு எல்லாவற்றையும் அதே பெட்டிக்குள் பதமாக வைத்தாள். அந்த மேஜை விளக்கை அணைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து முதலாளியின் எதிரே நின்றாள்.

"சார், அஞ்சாம் மேஜையைக் காலி பண்ணிட்டேன். சாயங்காலத்துக்குள்ளன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். அதில் மட்டும் அந்த ஆளுக்கு நல்ல பழக்கம்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். கையை நீட்டாமல், தலையைச் சாய்க்காமல், கடைசியில் இருந்த தன் கையெழுத்து வரை. படித்துவிட்டு அவர் பெட்டிக்குக் கையை நீட்டினார். பெட்டி கனமாக இருந்ததால் அதை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளும் தேவைப்பட்டன. காகிதம் கீழே விழுந்தது.

"என் மேஜைக்குக் கீழ அடுக்கியிருக்கறதுல முக்காவாசி உங்களோடதுதான் சார்," என்றாள் அவள். "நாளைக்குள்ள சரி பண்ணிடறேன். என்கிட்ட வந்தது திரும்பாது."